அமெரிக்க, ஜப்பானிய பவர் டூல்களைச் சிங்கப்பூர் வீட்டில் ஓட்டுவது எப்படி

அமெரிக்காவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய சர்க்குலர் சா, ஜப்பானில் நல்ல விலைக்குக் கிடைத்த டிரில், உறவினர் கொடுத்துவிட்டுப் போன, மரத்தில் பள்ளம் குடையும் ரௌட்டர். இவற்றுக்கு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. இங்கே சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைத்துத் தரும். ஹெர்ட்ஸை அது தொடாது. அதனால் கடைக்குப் போகும் முன் டூலைத் திருப்பிப் பார்த்து, உள்ளே எந்த வகை மோட்டார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எந்த மோட்டார்?

கையில் பிடித்து வேலை செய்யும் டிரில், கிரைண்டர், சர்க்குலர் சா, ஜிக்சா, ரௌட்டர், வேக்குவம் ஆகியவற்றில் பெரும்பாலும் யூனிவர்சல் மோட்டார்தான், அதாவது ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் பிரஷ் மோட்டார். மோட்டார் உறையின் இரு பக்கமும் ஸ்க்ரூடிரைவரால் திறக்கும்படி வட்டமான பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதற்குள் கார்பன் பிரஷ் இருக்கிறது. சில மாடல்களில் பிரஷ் வெளியே தெரியாது. அப்போது லேபிளில் வேகத்தைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் நேரடியாக ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்கு 3,600 சுற்றைத் தாண்டவே முடியாது. லேபிளில் 11,000 என்றோ 25,000 என்றோ போட்டிருந்தால் அது இண்டக்‌ஷன் அல்ல. '50/60 ஹெர்ட்ஸ்' அல்லது 'ஏசி/டிசி' என்று அச்சிட்டிருந்தாலும் கவலையில்லை. யூனிவர்சல் மோட்டாருக்கு 50, 60 என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சரியான வோல்டேஜ் கிடைத்தால் ஊரில் ஓடியது போலவே ஓடும்.

பெஞ்ச் கிரைண்டர், டிரில் பிரஸ், பெரிய டேபிள் சா, பெல்ட் வைத்த ஏர் கம்ப்ரசர், டஸ்ட் கலெக்டர் போன்ற நிலையான இயந்திரங்களில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். பிரஷ் இருக்காது, சத்தம் குறைவு, எடை அதிகம், மேலே கப்பாசிட்டர் வைத்த புடைப்பு ஒன்று தெரியும். சிக்கல் இங்கேதான். முதலாவது, வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்: 3,450 சுற்று 2,875 ஆகும், 1,725 சுற்று 1,440க்கு அருகே வந்து நிற்கும். இரண்டாவது, அதைவிட மோசமானது: 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய காயிலுக்கு அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால், இரும்புக் கோரில் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடிவிடும். கோர் நிறைந்துபோய், சுமையே இல்லாவிட்டாலும் மோட்டார் கரண்டை இழுத்துச் சூடாகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. வோல்டேஜை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் எண் மாறாமல் இருக்க வேண்டும். 120ஐ 60ஆல் வகுத்தால் 2. அப்படியென்றால் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டாருக்கு 100 வோல்ட்தான் தேவை. ஆகவே அமெரிக்க இண்டக்‌ஷன் மோட்டாருக்கு 110 அல்ல, ஜப்பானியப் பொருட்களுக்கு விற்கும் 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரையே வாங்குங்கள். மோட்டார் சூடாகாது. வேகமும் பலமும் ஆறில் ஐந்து பங்குதான் கிடைக்கும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல இண்டக்‌ஷன் மோட்டார்களில் கிளம்ப மட்டும் உதவும் ஸ்டார்ட் காயிலை, வேகம் கூடியதும் துண்டிக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கும். அது முழு வேகத்தின் 70, 80 சதவீதத்தில் திறக்கும்படி 60 ஹெர்ட்ஸ் கணக்கில் அமைத்தது. 3,450 சுற்று மோட்டாரில் அந்த 80 சதவீதம் 2,760 சுற்று. இங்கே முழுச் சுமையில் மோட்டாரின் வேகமே 2,875தான். சுமையோடு கிளப்பினால் சுவிட்ச் திறக்காமலே போகலாம். திறக்காவிட்டால் ஸ்டார்ட் காயில் சீக்கிரமே கருகிவிடும். அதனால் சுமை இல்லாமல் கிளப்புங்கள். முழு வேகத்தை எட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சில நொடிகளில் அது கேட்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

சில அமெரிக்க டேபிள் சாக்களில் 115/230 என்று இரட்டை வோல்டேஜ் போட்டிருக்கும். டெர்மினல் பெட்டியில் இணைப்பை மாற்றினால் 230இல் நேரடியாக ஓட்டலாம் என்று சொல்வார்கள். லேபிளில் 50 ஹெர்ட்ஸும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். 60 மட்டும் என்றால் மேலே சொன்ன அதே 20 சதவீதச் சிக்கல் 230இலும் வரும். நல்ல இயந்திரமாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மோட்டாராக மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு.

டிரான்ஸ்ஃபார்மரே தேவைப்படாதவை

இந்தியா, மலேசியா, பிரிட்டன் ஆகிய இடங்களில் வீட்டு மின்சாரத்துக்கென்று விற்கும் டூல்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம்; எல்லாம் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்திய டூலில் மூன்று உருண்டை முள் பிளக்கை எடுத்துவிட்டு, சேஃப்டி மார்க் உள்ள 13 ஆம்ப் பிளக்கைப் பூட்டினால் போதும். 700 வாட்டுக்குள் என்றால் 3 ஆம்ப் ஃபியூஸ், அதற்கு மேல் என்றால் 13 ஆம்ப். கேபிளில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய இந்தியக் கேபிளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்.

பேட்டரி டூல்களுக்காக டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது வீண் செலவு. மக்கிட்டாவின் 18 வோல்ட், மில்வாக்கியின் எம்18 பேட்டரிகள் அமெரிக்காவிலும் இங்கேயும் ஒன்றுதான். டிவால்ட் அங்கே '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் வேறு சில நாடுகளில் 18 வோல்ட் எக்ஸ்ஆர் என்று விற்பதும் ஒரே பேட்டரிதான். 20 என்பது முழுதாகச் சார்ஜ் ஆகி, சுமை இல்லாமல் இருக்கும்போது காட்டும் வோல்டேஜ். ஊர் மாறினால் மாறுவது சார்ஜர் மட்டுமே. இங்கே விற்கும் 220-240 வோல்ட் சார்ஜர் ஒன்றை வாங்கிவிடுங்கள். 120 வோல்ட் சார்ஜரை நேரே சுவரில் செருகினால் அந்த நொடியே போய்விடும்.

எத்தனை விஏ?

டூல் லேபிளில் உள்ள வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். அதுதான் டூல் எடுக்கும் விஏ (வோல்ட்-ஆம்பியர்), டிரான்ஸ்ஃபார்மரின் அளவையும் இதிலேயே சொல்வார்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும், பிளேடு மரத்தில் சிக்கினாலும் இழுக்கும். ஆகவே அந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கி வாங்க வேண்டும். 3 ஆம்ப் சாண்டர் 360 விஏ. அதற்கு 750 தாராளம். 8 ஆம்ப் டிரில் 960 விஏ. 1,500 முதல் 2,000 வரை. 15 ஆம்ப் சர்க்குலர் சா 1,800 விஏ, அதற்கு 3,000. ஹீட் கன்னுக்குக் கிளப்பும் இழுப்பு கிடையாது. ஆனால் அது முழு வாட்டையும் விடாமல் எடுக்கும் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரின் தொடர் திறன் அந்த வாட்டுக்குக் குறையக் கூடாது.

'தொடர் திறன்' என்பதை விட்டுவிடாமல் கேளுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பல நேரம் சில நிமிடம் மட்டும் தாங்கும் அளவு. கட்டுமானத் தளங்களில் பார்க்கும் மஞ்சள் நிற 3.3 கேவிஏ (3,300 விஏ) டிரான்ஸ்ஃபார்மர்கூட விட்டுவிட்டு ஓடுவதற்கான கணக்குதான். தொடர்ந்து ஓட்டினால் பாதிதான் தாங்கும். இங்கே நிழலிலேயே 30 டிகிரியைத் தாண்டுகிறது, காற்றோட்டமில்லாத பின்கட்டில் இன்னும் கூடும். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள்.

மேல் எல்லையும் ஒன்று உண்டு. 13 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் தருவது சுமார் 3,000 விஏ. தொடர் திறன் அதைவிடப் பெரிதான டிரான்ஸ்ஃபார்மரைச் சாதாரண சாக்கெட்டில் வைக்க முடியாது. உரிமம் பெற்ற மின் ஊழியரைக் கொண்டு தனி இணைப்பு போட வேண்டும். வீட்டு வேலைக்கு அதற்கு அவசியமே வராது.

ஐசொலேஷனா, ஆட்டோவா?

கடையில் இரண்டு வகை இருக்கும், விற்பவர் பெரும்பாலும் வித்தியாசம் சொல்லமாட்டார். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே காயில். நடுவிலிருந்து ஒரு முனையை எடுத்து 110 வோல்ட் தருவார்கள். எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அவுட்புட், வீட்டு லைனோடு நேரடியாகவே இணைந்திருக்கிறது. பொதுவான காயில் பகுதி எங்காவது அறுந்தால் முழு 230 வோல்ட்டும் டூலுக்குப் போய்விடும். ஐசொலேஷன் வகையில் இரண்டு தனித்தனிக் காயில்கள். நடுவில் காந்தப் புலம் மட்டுமே. கையில் பிடித்து ஓட்டும் டூலுக்கு இதைத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. 3,000 விஏ என்றால் 20 கிலோவைத் தாண்டும். அந்தச் சிரமம் தகும்.

எது எது என்று மல்டிமீட்டரால் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் சுவிட்சை மட்டும் 'ஆன்' நிலையில் வைக்கவும். மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் லைவ் முள்ளிலும், மறுமுனையை அவுட்புட் சாக்கெட்டின் ஒவ்வொரு துளையிலும் தொடுங்கள். பிறகு நியூட்ரல் முள்ளிலும் அதேபோல். எங்கேயாவது சில ஓம் காட்டினால் ஆட்டோ. நான்கு முறையும் 'ஓஎல்' (இணைப்பே இல்லை) என்று காட்டினால் ஐசொலேஷன்.

வீட்டு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிபி பெட்டியில், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும். எந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னாலும் அது காப்பாற்றும் என்று ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஆட்டோ வகையில் டூலிலிருந்து எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் ஆர்சிசிபி உணர்ந்து விழும். ஐசொலேஷன் வகைக்குப் பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது. அங்கே பாதுகாப்பு வேறு விதமாக வருகிறது: அவுட்புட் எர்த்தோடு சேராததால், ஒரு கம்பியை மட்டும் தொட்டால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. ஆனால் இரண்டு டூல்களைச் செருகி இரண்டிலும் இன்சுலேஷன் பழுதானால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரே ஒரு டூல். 1985க்கு முன் கட்டிய வீட்டில் இருப்பவர்கள் முதலில் டிபி பெட்டியைத் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது எல்லா வீட்டிலும் அது கட்டாயம்.

கட்டுமானத் தளத்து மஞ்சள் டிரான்ஸ்ஃபார்மரில் அவுட்புட்டின் நடுப்புள்ளியை எர்த்தில் கட்டியிருப்பார்கள். எந்தக் கம்பியைத் தொட்டாலும் எர்த்துக்கு 55 வோல்ட்தான். அமெரிக்க யூனிவர்சல் மோட்டார் டூலுக்கு இது அருமையாகப் பொருந்தும். அதன் மஞ்சள் 16 ஆம்ப் பிளக்கிலிருந்து அமெரிக்க சாக்கெட்டுக்கு ஒரு கேபிள் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கம்பிகளும் லைவ் என்பதால் டிரிகரை விட்டாலும் மோட்டாருக்குள் 55 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பிளேடு மாற்றும் முன் பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சிம் லிம் டவரிலும் ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். எடையைக் கையால் தூக்கிப் பாருங்கள். 3,000 என்று எழுதிய பெட்டி ஐந்தாறு கிலோதான் இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். பயணிகளுக்கென்று விற்கும், கைக்குள் அடங்கும் '1,600 வாட் கன்வெர்ட்டர்' டிரான்ஸ்ஃபார்மரே அல்ல. அது மின் அலையை வெட்டித் தருகிறது; ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் சரி. வேகம் மாற்றும் டிரிகர் உள்ள டிரில்லில் அதைப் போட்டால் டிரிகரின் எலக்ட்ரானிக்ஸ் கெடும்.

பின்பக்கம் 110/220 என்று இன்புட் மாற்றும் சுவிட்ச் உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. யாராவது அதை 110க்குத் தள்ளிவிட்டு இங்கே செருகினால் அவுட்புட் இரட்டிப்பாகும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சுவிட்சை 220இல் வைத்து மேலே ஒரு தகடு பூட்டி அடைத்துவிடுங்கள்.

விகிதத்தையும் கவனியுங்கள். லேபிளில் 220:110 என்றால் இங்குள்ள 230க்கு 115 வரும். அமெரிக்க டூலுக்குச் சரியாக இருக்கும். 220:100 என்றால் 104 அல்லது 105. ஜப்பானிய டூலுக்குப் பரவாயில்லை. ஜப்பானிய டூலை 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் போட்டால் 15 சதவீதம் அதிகம் வாங்கும். டிரில் சில நிமிடம் தாங்கலாம், ஆனால் 100 வோல்ட் ஹீட் கன் 115 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அதிக வாட் எடுத்து எரியும். பிளக் இரண்டும் ஒரே மாதிரித் தட்டை முள் என்பதால் தவறு நடப்பது சுலபம்.

கடைசியாக எர்த். மூன்று முள் உள்ள அமெரிக்க டூலுக்கு எர்த் கட்டாயம் வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் எர்த் துளை இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. மீட்டரை வைத்து 13 ஆம்ப் பிளக்கின் நீள முள்ளுக்கும் அவுட்புட்டின் உருண்டைத் துளைக்கும் இடையே அளந்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். பெட்டியின் உலோக உறைக்கும் அதே சோதனை. டூலின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டை இன்சுலேஷன்; இரண்டு முள்ளோடு ஓட்டலாம்.

பொருத்தி ஓட்டுவது

டிரான்ஸ்ஃபார்மரைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள், மல்டிவே அடாப்டரில் வேண்டாம். முதலில் டூல் இல்லாமல் 'ஆன்' செய்து, ஏசி வோல்ட் அளவில் அவுட்புட்டை அளந்து பாருங்கள். சுமையில்லாதபோது எழுதியதைவிடச் சில வோல்ட் கூடவே இருக்கும். 125ஐத் தாண்டினால் அமெரிக்க டூலைச் செருக வேண்டாம். அளவு சரியென்றால் டூலின் டிரிகர் 'லாக்' ஆகி நிற்கவில்லை என்று உறுதி செய்துவிட்டுச் செருகுங்கள். வெட்டாமல் அரை நிமிடம் ஓடவிட்டு, சத்தமும் வேகமும் இயல்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுத்தும்போது முதலில் டூல், பிறகு டிரான்ஸ்ஃபார்மர். வேலை முடிந்ததும் சுவரில் அணையுங்கள். சும்மா இருந்தாலும் அது மின்சாரம் தின்றுகொண்டு சூடாகவே இருக்கும்.

நீட்டிப்புக் கேபிள் தேவைப்பட்டால் அதை 230 வோல்ட் பக்கம் போடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரை டூலுக்குப் பக்கத்தில் வையுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் 20 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். போக வர 40 மீட்டர் செம்பு, சுமார் அரை ஓம். 15 ஆம்ப் சாவுக்கு 120 வோல்ட் பக்கம் போட்டால் 8 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிட்டத்தட்ட 7 சதவீதம். 230 வோல்ட் பக்கம் ஓடுவது 8 ஆம்ப்தான். இழப்பு 4 வோல்ட், 2 சதவீதத்துக்கும் குறைவு. சுருட்டியபடியே கேபிளைப் பயன்படுத்தாதீர்கள், ரீலுக்குள் சூடு தேங்கி உருகும்.

120 வோல்ட் டூலின் பிளக்கை வெட்டிவிட்டு 13 ஆம்ப் பிளக் போடுவதை மட்டும் செய்யவே கூடாது. இன்று உங்களுக்கு நினைவிருக்கும். நாளை வீட்டில் வேறொருவர் எடுத்து நேரே சுவரில் செருகுவார். அந்தத் தட்டை முள்தான் டூலுக்கான காவல். ஆனால் எல்லா நாட்டு பிளக்கையும் ஏற்கும் 'யூனிவர்சல்' சாக்கெட் வீட்டில் இருந்தால் அந்தக் காவலும் இல்லாமல் போகும். அத்தகைய சாக்கெட்டை டூல் வைக்கும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். டூலின் கேபிளில், பிளக்கை ஒட்டி, '120 வோல்ட் மட்டும்' என்று எழுதிய டேப்பைச் சுற்றிவையுங்கள். அவுட்புட் கேபிளை நீங்களே செய்தால் நிறத்தில் ஏமாறாதீர்கள்: அமெரிக்கக் கேபிளில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த்.

தகராறு செய்தால்

டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டவுடன், டூல் இல்லாமலே, டிபி பெட்டியில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதா? முதல் கணத்தில் கோர் காந்தமாகும்போது வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கரண்ட் இழுக்கும்; வளைய வடிவ டொராய்டல் வகையில் இது இன்னும் மோசம். அலையின் எந்தப் புள்ளியில் சுவிட்ச் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது என்பதால், மறுமுறை போட்டால் நின்றுவிடலாம். எப்போதும் விழுந்தால், கரண்டை மெல்ல ஏற்றும் சாஃப்ட்-ஸ்டார்ட் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றுங்கள். பெரிய எம்சிபி போடச் சொல்லாதீர்கள். சுவருக்குள் இருக்கும் கம்பி அதே பழைய கம்பிதான். விழுவது ஆர்சிசிபி என்றால் கதை வேறு: எங்கோ எர்த்துக்குக் கசிகிறது, டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

டூல் சோர்ந்து ஓடி, டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால் விஏ போதவில்லை. வெட்டும்போதே அவுட்புட்டை அளந்து பாருங்கள். 105க்குக் கீழே இறங்கினால் பெரியது வேண்டும். பிரஷ் பக்கம் நீண்ட நீலப் பொறி பறந்தால் வோல்டேஜ் அதிகம், அல்லது பிரஷ் தேய்ந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் சில நொடிகூடக் கையை வைக்க முடியவில்லை என்றால் ஓய்வு கொடுங்கள், வார்னிஷ் வாடை வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். 13 ஆம்ப் பிளக் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது. இரண்டையும் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் வீட்டு அடைக்கல அறையில் கிடந்த டூல் என்றால் ஈரம் ஏறியிருக்கும். இரண்டு நாள் உலர்ந்த அறையில் வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

மின்சாரம் சரியான பிறகும் தட்டும் பிளேடும் ஒத்துவராமல் போகலாம். அமெரிக்க நாலரை அங்குல கிரைண்டரின் மரை எட்டில் ஐந்து அங்குலம், தட்டின் துளை 22.23 மில்லிமீட்டர். இங்கே கடைகளில் அதிகம் தொங்குவது 16 மில்லிமீட்டர் துளையுள்ள 4 அங்குலத் தட்டு. துளையை அரத்தால் பெரிதாக்கியோ வாஷர் வைத்தோ பொருத்தாதீர்கள். தட்டு நடுவில் உட்காராமல் அதிர்ந்து உடையும். ஏழேகால் அங்குலச் சர்க்குலர் சாவின் அச்சும் எட்டில் ஐந்து அங்குலம்தான். 20 மில்லிமீட்டர் துளையுள்ள 185 மில்லிமீட்டர் பிளேடை வாங்கினால், அந்த இடைவெளிக்கென்றே செய்த குறைப்பு வளையத்தையும் சேர்த்து வாங்கி, பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று டூலின் சுற்றைவிட அதிகமா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.